சிடி ஓடுது, டிவிடி ஓடலை!

2006, 2007 வாக்கில் திசையன்விளை பக்கம் ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வந்து இறங்கினால், முதல் நாள் காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். மூடி வைக்க ஒரு பழைய துண்டு. (தேரிக்காட்டுச் செம்மண் ஆடிக் காற்றில் எங்கெங்கே போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.) பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் தரையில், ஆச்சி கட்டிலில். முதலில் பாட்டு சிடி போடுவார்கள். ஓடும். அடுத்து பட விசிடி. அதுவும் ஓடும். பிறகு யாராவது ஒருவர் பெருமையாக ஒரு டிவிடியை எடுத்து நீட்டுவார்...

டிரைவ் கொஞ்ச நேரம் சுற்றும். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். அவ்வளவுதான், படம் வராது.

மறுநாள் கடையில் பேச்சு இப்படிப் போகும்.

"அண்ணாச்சி, சிடி ஓடுது. டிவிடி போட்டா ஒண்ணும் வர மாட்டேங்கு."

"லென்ஸ் போயிருக்கும் தம்பி. கொண்டா, மாத்திருவோம்."

அண்ணாச்சி சொல்வது சில நேரம் சரியாகவே இருக்கும். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் வேண்டும், டிவிடிக்கு 650. ஒரே டிரைவுக்குள் இரண்டு வேலைக்கும் தனித்தனி ஏற்பாடு. டிவிடி லேசர் மட்டும் தளர்ந்துபோனால் சிடி ஜம்மென்று ஓடும், டிவிடி ஓடாது. ஆனால் எல்லா வீட்டிலும் லென்ஸ் போயிருக்கவில்லை. பல வீடுகளில் டிரைவ் நன்றாக இருந்தது, டிஸ்க் நன்றாக இருந்தது, கம்ப்யூட்டரும் நன்றாக இருந்தது. ஓடாததற்குக் காரணம் டோக்கியோவிலும் கலிபோர்னியாவிலும் போடப்பட்ட ஒப்பந்தங்களில் இருந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் வணிகவியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: தேய்மானம். அந்தக் காலத்தில் வருமான வரிச் சட்டப்படி கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 60 விழுக்காடு தேய்மானம் கழிக்கலாம், குறைந்துசெல் மதிப்பு முறையில். (2017 ஏப்ரல் முதல் அது 40 ஆகக் குறைந்தது.) 40,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு 16,000. இரண்டாம் ஆண்டு 6,400. மூன்றாம் ஆண்டு 2,560! மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கணக்கில் அது செத்துவிட்டது. அப்புறம் என்ன... சென்னை, பெங்களூர், மும்பை கம்பெனிகள் மொத்தமாக ஏலம் விட, அது ரிச்சி தெரு மாதிரியான இடங்களுக்கு வந்து, அங்கிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் கடைகளுக்கு வந்து, கடைசியில் திசையன்விளை வரை வந்து சேரும். இந்த ஊரில் மும்பையிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் ஒருவராவது இல்லாத தெரு கிடையாது. அதனால் அண்ணன்மார் தோளில் ஏறி நேராக வீட்டுக்கே வந்த கம்ப்யூட்டர்களும் உண்டு.

அப்படி வந்தவை பெரும்பாலும் பெண்டியம் 3 அல்லது 4. அலுவலகத்தில் யாரும் படம் பார்ப்பதில்லை என்பதால் பலவற்றில் வெறும் சிடி டிரைவ்தான். டிவிடி டிரைவ் தனியாக வாங்கி, கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் பார்த்து மாட்ட வேண்டும். கம்பெனி விற்கும்போது ஹார்டு டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கொடுக்கும். அங்கேதான் சிக்கலின் முதல் முடிச்சு.

அதைப் புரிந்துகொள்ள மூன்று டிஸ்க்குகளை மேசை மேல் வைத்துப் பாருங்கள். ஒன்று பட விசிடி. இரண்டு, உள்ளூர் ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்த அக்கா கல்யாண டிவிடி. மூன்று, கடையில் காசு கொடுத்து வாங்கிய, பூட்டு போட்ட அசல் ஆங்கிலப் பட டிவிடி. மூன்றும் பார்க்க ஒரே வட்டம், ஒரே பளபளப்பு. ஆனால் மூன்றும் மூன்று ஜாதகம்.

விசிடி 1993-இல் வந்த தரம். எம்பெக்-1 என்ற முறையில் படத்தைச் சுருக்கி வைத்திருக்கும். ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான், அதனால்தான் தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க். திரையில் 352க்கு 288 புள்ளிகள். கூட்டத்தில் நிற்கிறவர்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் ஒரு நல்ல குணம்: விண்டோஸிலேயே எம்பெக்-1 பிரிக்கும் வசதி இருந்தது. போட்டால் ஓடும். பூட்டு கிடையாது.

டிவிடி அதைவிட ஒரு தலைமுறை இளையது. 1995-இல் கம்பெனிகள் சண்டை போட்டு, சமரசமாகி, ஒரே தரத்துக்கு ஒப்புக்கொண்டன. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒரு அடுக்கில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி. படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். இந்த எம்பெக்-2வுக்குப் பல கம்பெனிகளின் காப்புரிமைகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கவுண்டரில் வசூலிக்க எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு இருந்தது. அதைப் பிரித்துக் காட்டும் ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு மென்பொருள் பிரதிக்கும் 2002 முதல் 2.50 டாலர் கட்ட வேண்டும்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் மைக்ரோசாஃப்ட் அந்த எம்பெக்-2 பிரிப்பானைச் சேர்க்கவில்லை. கோடிக்கணக்கான பிரதிகளுக்கு ஆளுக்கு இரண்டரை டாலர் என்றால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்! பதிலாக, டிவிடி டிரைவோடு வரும் பவர்டிவிடி, வின்டிவிடி போன்ற மென்பொருள்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டன. புது டிரைவ் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு சிடி இருக்குமே, அதுதான். புது கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. எல்லாம் முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கியவருக்கோ டிரைவ் மட்டும் வரும். பெட்டி வராது. பெட்டிக்குள் இருந்த சிடி வராது. ஹார்டு டிஸ்க் அழிக்கப்பட்டபோது அந்த மென்பொருளும் போய்விட்டது. கடைக்காரர் புதிதாக எக்ஸ்பி போட்டுக் கொடுப்பார். அதில் எம்பெக்-2 இல்லை. ஆக, மேசை மேல் உள்ள இரண்டாவது டிஸ்க் — அக்கா கல்யாணம் — ஓடாது. அதில் எந்தப் பூட்டும் கிடையாது. ஸ்டுடியோக்காரர் யாரிடமும் எதையும் ஒளிக்கவில்லை. சொந்த அக்கா, சொந்தக் கல்யாணம், காசு கொடுத்து எடுத்த வீடியோ. டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரும் அதற்குள் விஓபி ஃபைல்களும் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை தாலி கட்டுவதைப் பார்க்க முடியாது, இரண்டரை டாலர் யாரும் கட்டாததால்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 2007-இல் மோசர் பேர் கம்பெனி தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்கத் தொடங்கியது. திருட்டு விசிடிக்குப் போட்டியாக இறக்கிய விலை. அன்றைய டாலர் மதிப்பு ஏறக்குறைய 40 ரூபாய். அப்படியானால் எம்பெக்-2 உரிமக் கட்டணம் மட்டும் 100 ரூபாய். படத்தின் விலை 34, அதைப் பிரித்துப் பார்க்கும் உரிமையின் விலை 100! ஒரு முறை கட்டினால் போதும்தான், ஆனாலும் இடிக்கிறது.

விஸ்டாவில் (2007) மைக்ரோசாஃப்ட் மனம் மாறி எம்பெக்-2வைச் சேர்த்தது, ஆனால் விலை கூடிய பதிப்புகளில் மட்டும். விண்டோஸ் 7-இல் (2009) இன்னும் வேடிக்கை. ஹோம் பேசிக் என்று ஒரு பதிப்பு இந்தியா போன்ற வளரும் நாடுகளுக்கென்றே தனியாக விற்கப்பட்டது. அதில் டிவிடி ஓடாது. ஸ்டார்ட்டர் பதிப்பிலும் ஓடாது. அமெரிக்கக் கடையில் ஒருவர் வாங்கும் ஹோம் பிரீமியத்தில் ஓடும். விலை குறைத்துக் கொடுத்தார்கள் என்பது உண்மை; எதைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதைப் பெட்டி மேல் யார் படித்தார்கள்?

சரி, மூன்றாவது டிஸ்க். இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

டிவிடி வந்தபோது ஹாலிவுட் கம்பெனிகளுக்கு ஒரே பயம். தெளிவான டிஜிட்டல் படத்தை டிஸ்க்கில் கொடுத்தால் ஆளாளுக்குக் காப்பி எடுத்துவிடுவார்கள். அதனால் சிஎஸ்எஸ் என்ற பூட்டு. டிஸ்க்கில் உள்ள படம் கலைத்து எழுதப்பட்டிருக்கும். அதை ஒழுங்குபடுத்த ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி டிஸ்க்கிலேயே, சாதாரண காலி டிவிடியில் எழுத முடியாத ஓர் ஓரத்தில், நானூற்றுக்கும் மேற்பட்ட தடவை வெவ்வேறாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிளேயர் கம்பெனிக்கும் ஒரு தனிச் சாவி கொடுப்பார்கள். தன் சாவிக்குப் பொருந்தும் பெட்டியை அது திறந்துகொள்ளும். ஒரு கம்பெனியின் சாவி வெளியே போய்விட்டால் அடுத்து வரும் டிஸ்க்குகளில் அந்தப் பெட்டியை மட்டும் நீக்கிவிடலாம். திட்டம் என்னவோ பிரமாதம்தான்!

சாவியின் நீளம் 40 பிட். அன்றைய அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அளவு. ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி சாவிகளில் ஒன்று. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 1999-இல் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் அந்தப் பூட்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்து, இத்தனையையும் முயல வேண்டியதில்லை, சுமார் 3 கோடியே 35 லட்சம் முயற்சி போதும் என்று காட்டிவிட்டார். ஒரு சாதாரண கம்ப்யூட்டருக்கே அது சில்லறை வேலை.

அதற்குச் சற்று முன்பே, 1999 அக்டோபரில், டிசிஎஸ்எஸ் என்ற சின்ன மென்பொருள் இணையத்தில் வந்துவிட்டது. வெளியிட்டவர் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். வயது 15. பத்தாம் வகுப்பு வயது! அவரோடு இன்னும் இருவர், பெயர் சொல்லாதவர்கள். அவர்களுக்கு வழி திறந்து கொடுத்தது ஸிங் என்ற கம்பெனியின் டிவிடி பிளேயர் மென்பொருள். எல்லா கம்பெனியும் தன் சாவியை மென்பொருளுக்குள் ஒளித்து வைக்க, ஸிங் மட்டும் மறைக்காமல் விட்டிருந்தது. வீட்டுச் சாவியை நிலைப்படி மேல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல.

யோஹான்சன் சொன்ன காரணம், லினக்ஸில் டிவிடி பார்க்க வழியே இல்லை என்பது. உரிமம் வாங்கிய மென்பொருள்கள் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் இருந்தன. 'அப்படியானால் டிசிஎஸ்எஸ் ஏன் விண்டோஸில் ஓடுகிறது?' என்று எதிர்த்தரப்பு மடக்கியது. நியாயமான கேள்விதான். அப்போது லினக்ஸுக்கு டிவிடியின் ஃபைல் முறையைச் சரியாகப் படிக்கத் தெரியாது, அதனால் விண்டோஸில் செய்து பார்த்தோம் என்பது பதில்.

2000 ஜனவரியில் நார்வே போலீஸ் அவர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்களை எடுத்துப்போனது. வழக்கு நடந்தது. தான் காசு கொடுத்து வாங்கிய டிவிடியைத் தான் பார்ப்பதற்காகப் பூட்டைத் திறப்பது, அடுத்தவன் வீட்டுப் பூட்டை உடைப்பது போன்ற குற்றமா? கேள்வி அவ்வளவுதான். 2003 ஜனவரி 7 அன்று ஆஸ்லோ நீதிமன்றம் 'குற்றமில்லை' என்றது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, டிசம்பர் 22 அன்று மறுபடியும் 'குற்றமில்லை'. அதோடு விட்டுவிட்டார்கள். அவருக்கு 'டிவிடி ஜான்' என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. அங்கே 1998-இல் போட்ட சட்டப்படி பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதே தவறு. காப்பி எடுத்தாயா, சொந்த டிஸ்க்கா என்ற கேள்வியே இல்லை. 2600 என்ற பத்திரிகை தன் இணையதளத்தில் டிசிஎஸ்எஸ்ஸைப் போட்டதற்காக வழக்கு. 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கேப்லன் ஸ்டுடியோக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2001 நவம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே.

தடை போட்டால் என்ன ஆகும்? நடந்தது ஒரு திருவிழா. சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். கவிதையாக எழுதினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டூரெட்ஸ்கி இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சியே வைத்தார். 2001-இல் ஃபில் கார்மடி என்பவர், அந்த மென்பொருளை உள்ளடக்கிய ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். ஒரு எண்ணை எப்படித் தடை செய்வது?! இதற்கெல்லாம் சிகரம், கலிபோர்னியா வழக்கில் பூட்டு உரிமையாளர்கள் தரப்பே ரகசியக் குறியீட்டை ஆவணமாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டு, அதை மூடி முத்திரையிடக் கேட்க மறந்துவிட்டது. பிறகு ஓடிப்போய்க் கேட்டார்கள்.

*

திசையன்விளை மேசையில் கிடக்கும் டிஸ்க்குக்கு உண்மையில் விடிவு வந்தது வேறு ஒரு கல்லூரியிலிருந்து. பாரிஸில் எக்கோல் சென்ட்ரல் என்று ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே 1996-இல் மாணவர்கள் தங்கள் விடுதி நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் வேலையாகத் தொடங்கியதுதான் வீடியோலேன். 2001 பிப்ரவரி 1 அன்று அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். அதன் பிளேயர்தான் விஎல்சி. மாணவர்கள் தெருவில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து சேர்த்து வைத்திருந்த போக்குவரத்துக் கூம்பு அதற்கு அடையாளச் சின்னம் ஆனது. விடுதி மாணவர்கள் எந்த நாட்டிலும் ஒரே ரகம்தான்.

விஎல்சிக்குள் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, எம்பெக்-2 பிரிப்பான், தனியாக எதுவும் போட வேண்டாம். மற்றொன்று லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நூலகம். இது டிசிஎஸ்எஸ் போல யாருடைய சாவியையும் மட்டும் நம்பி இருக்கவில்லை. பூட்டின் பலவீனத்தைப் பயன்படுத்தித் தேவையான சாவியைத் தானே கணக்குப் போட்டு எடுத்துவிடும். ஸ்டீவன்சன் காட்டிய வழிதான். அதனால்தான் பூட்டு போட்ட டிஸ்க்கைப் போட்டதும் விஎல்சி சில நொடி யோசித்துவிட்டு ஓட ஆரம்பிக்கும்.

ஏறக்குறைய பத்து எம்பி அளவுள்ள ஒரு ஃபைல். பிரவுசிங் சென்டரில் இறக்கி சிடியில் எழுதிக்கொண்டு வந்தோ, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்தோ வீட்டுக்கு வந்தது. போட்டதும் அக்கா கல்யாணமும் ஓடியது, அசல் டிவிடியும் ஓடியது. பல வீடுகளில் லென்ஸ் 'சரியானது' இப்படித்தான்!

லினக்ஸ் பக்கம் போனவர்களும் உண்டு. உபுண்டுகாரர்கள் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். வெளிநாட்டு முத்திரையோடு கவர் வரும். தமிழ்நாட்டிலும் அப்போது லினக்ஸுக்கு நல்ல காலம். எல்காட் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டு சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு வந்தது. ஆனால் உபுண்டு சிடியில் லிப்டிவிடிசிஎஸ்எஸ் இருக்காது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து அதை வெளியே வைத்திருந்தார்கள். இணையம் இருந்தால் ஒரு கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். இணையம் இல்லாத வீட்டில்... திரும்பவும் பிரவுசிங் சென்டர்தான்.

இத்தனையும் செய்த பிறகும் சில டிரைவ்கள் முரண்டு பிடிக்கும். இந்த முரண்டுகள் செகண்ட் ஹேண்டுக்கே உரியவை.

மண்டலக் குறியீடு என்று ஒன்று. ஹாலிவுட் உலகத்தை ஆறாகப் பிரித்து வைத்திருந்தது. அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியா, இலங்கை 5. சீனா 6. தமிழர் வாழும் நாடுகளை எண்ணிப் பாருங்கள், ஐந்து மண்டலங்களில் சிதறிக் கிடக்கிறார்கள்! சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த ஆங்கிலப் படம் 5-ஆம் மண்டல டிரைவில் ஓடாது. ஒரே படம் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு தேதியில், வெவ்வேறு விலையில் விற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. திருட்டைத் தடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சந்தையைக் கூறு போட்டு விலை வைப்பது, அவ்வளவுதான்.

2000 முதல் வந்த டிரைவ்களில் இந்த மண்டலம் டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும். உரிமையாளர் ஐந்து முறை மாற்றலாம். ஐந்தாவது முறை எதில் வைத்தீர்களோ, அதிலேயே நின்றுவிடும். விண்டோஸை அழித்து நூறு முறை போட்டாலும் அந்த எண்ணிக்கை திரும்ப ஐந்தாகாது, ஏனென்றால் அது ஹார்டு டிஸ்க்கில் இல்லை. முன்னால் வைத்திருந்தவர் துபாயில் இருந்துகொண்டு மாற்றி மாற்றி 2-இல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், டிரைவ் திசையன்விளைக்கு வந்த பிறகும் அது துபாயில்தான் இருக்கிறது. வாங்குகிறவருக்கு இதைச் சோதிக்கத் தெரியாது. விற்கிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது. பி.காம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், வாங்கியவர் பொருளை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்ற உட்கிடை உறுதிமொழி 14-ஆம் பிரிவில் வரும். அதை எழுதியவர்கள், பொருளுக்குள்ளேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் இடையூறைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு முரண்டு: படம் ஓடும், ஆனால் விக்கி விக்கி ஓடும். சத்தம் கரகரக்கும். 'பிராசசர் பத்தாது, ராம் போடணும்' என்று கடையில் சொல்வார்கள். பெண்டியம் 4-க்கு டிவிடி ஒரு சுமையே அல்ல. 400 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் 2-விலேயே ஓடியிருக்கிறது. உண்மைக் காரணம் வேறு. கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்க முடியாமல் டிரைவ் ஆறு முறை தடுமாறினால், விண்டோஸ் எக்ஸ்பி அந்த டிரைவ் மேல் நம்பிக்கை இழந்து, டிஎம்ஏ என்ற வேக வழியை நிறுத்திவிட்டு, பிஐஓ என்ற மாட்டு வண்டி வழிக்கு மாற்றிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு துளியையும் பிராசசரே கையில் அள்ளிக் கொண்டுவர வேண்டும். நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் தானாகத் திரும்பாது. டிவைஸ் மேனேஜரில் போய் செகண்டரி ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் சரியாகிவிடும். ஒரு பைசா செலவில்லை. இது தெரியாமல் ராம் வாங்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ!

*

இதெல்லாம் இந்தியாவில் சட்டப்படி சரியா? 2000-களில் இங்கே பூட்டைத் திறப்பது பற்றித் தனிச் சட்டமே இல்லை. தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அது திருட்டு விசிடி விற்பவர்களுக்கு. இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், திருட்டு டிவிடியில் பூட்டே இருக்காது. காசு கொடுத்து அசல் வாங்கியவர்தான் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். திருட்டு டிஸ்க் வாங்கியவர் வீட்டில் போட்டதும் ஓடும்.

2012 ஜூனில் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறந்தால் இரண்டாண்டு வரை சிறை. 'நோக்கத்தோடு' என்ற அந்த ஒரு சொல்தான் முக்கியம். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகத் திறப்பதை அதே பிரிவு விட்டுவைக்கிறது. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே நகல் எடுக்காமல், நார்வே நீதிமன்றம் கேட்ட கேள்வியை இந்தியச் சட்டம் தனக்குள் வைத்துக்கொண்டது. இது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய விஷயம்.

கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. அடுத்தவருக்குப் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அவருடைய பெயர், முகவரி, எதற்காகத் திறந்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அதாவது பஜாரில் விஎல்சி போட்டுக்கொடுத்த அண்ணாச்சி, பேரேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, 'இன்னார் மகன் இன்னார், அசல் டிவிடி பார்ப்பதற்காக' என்று எழுதியிருக்க வேண்டும்! எந்தக் கடையில் அப்படி ஒரு நோட்டு இருக்கும்?

அரசாங்கத்துக்கும் விஎல்சிக்கும் இன்னொரு உரசலும் வந்தது. 2022 பிப்ரவரியில் இந்தியாவில் வீடியோலேன் இணையதளம் முடக்கப்பட்டது. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அந்த அமைப்பு சட்டப்படி நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில் திறந்துவிட்டார்கள்.

இன்று கதை தலைகீழ். மோசர் பேர் 2018-இல் திவாலாகிக் கலைப்புக்குப் போய்விட்டது. விண்டோஸ் 8-இல் (2012) டிவிடி வசதியையே எடுத்துவிட்டார்கள், உரிமச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று. புது லேப்டாப்புகளில் டிரைவே கிடையாது. ஆனால் பீரோவில் அக்கா கல்யாண டிவிடி அப்படியே இருக்கிறது. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடிகளில் படம் இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் பட்டால் அது மங்கும். உவரிக் கடற்காற்று அடிக்கிற ஊரில் இருபது ஆண்டு என்பது அதற்குப் பெரிய வயது. அக்காவின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், இறந்துபோன தாத்தா நடமாடுகிற ஒரே வீடியோ அதுதான், அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை.

அதனால் இப்போது டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடுகிறார்கள். பரணில் கிடக்கும் அதே பெண்டியம் 4 போதும், அல்லது யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று. கல்யாண டிஸ்க்கில் பூட்டு இல்லை, மண்டலம் இல்லை. எம்பெக்-2வின் கடைசி அமெரிக்கக் காப்புரிமையும் 2018 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்து, வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு இழுத்துப் போட வேண்டியதுதான். ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொரு டிரைவில் படிக்கும், ஆகவே இரண்டு மூன்றில் போட்டுப் பார்க்கலாம். பாதியில் நின்றால் அதுவரை வந்த விஓபி ஃபைலை அழித்துவிடாதீர்கள். விஎல்சி அதையும் ஓட்டும்.